படுக்கை உண்டு, திண்ணை இல்லை

தோற்றுப்போன அசுரன் ஒருவன் உயிர் போகும் நேரத்தில் முருகனிடம் ஒன்றே ஒன்று கேட்டானாம்: இந்த ஊர் என் பெயரைத் தாங்கட்டும். முருகனும் சரி என்றான். அந்த வல்லன் கேட்டு வாங்கிய ஊர்தான் வல்லன்கோட்டையாகி, பிறகு வல்லக்கோட்டை ஆயிற்று என்கிறது தலபுராணம். அதே புராணத்தின் இன்னொரு கிளையில் பகீரதன் வருகிறான். கோரன் என்பவனிடம் போரில் நாட்டைப் பறிகொடுத்து, ஒதுங்க இடமில்லாமல் அலைந்தவன். வெள்ளிக்கிழமைதோறும் பாதிரி மரத்தடியில் முருகனைக் கும்பிடு என்று துர்வாசர் வழிகாட்ட, இழந்த நாடு அவனுக்குத் திரும்பக் கிடைத்தது.

அருணகிரிநாதர் கோடைநகர் என்று பாடிய தலம் இது. மூலவர் ஏழடி உயரம். இத்தனை சிறப்புகள் இருந்தாலும், கதை என்று பார்த்தால் இரண்டிலும் வேண்டுதல் ஒன்றுதான்: இருக்க ஓர் இடம். செத்தவனுக்குப் பெயரளவில் கிடைத்தது, வாழ்ந்தவனுக்கு நாடாகவே கிடைத்தது.

இன்றும் வெள்ளிக்கிழமைகளில் வல்லக்கோட்டையில் கூட்டம் நெரிகிறது. வரிசையில் நிற்கும் இளம்பெண்களில் சிலர் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையின் நாடா தொங்கும். இரவு ஷிப்ட் முடித்து, குளித்து, தூங்காமல் வந்தவர்கள். தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று ஊர் சொல்வார்கள். வேலை நிரந்தரமாக வேண்டும், தம்பி படிப்பு முடிய வேண்டும், ஊரில் ஓடு மாற்ற வேண்டும் என்று வேண்டுதல்களும் அந்த ஊர்களைச் சுற்றியே இருக்கும். பணிபுரியும் இந்த மண்ணில் ஒரு வீடு வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டால் கிடைக்கும் என்று நம்பத் தக்கவற்றைத்தான் மனிதர்கள் சாமியிடமும் கேட்கிறார்கள்.

சொந்த வீட்டுக்கென்றே வேண்டிக்கொள்ளும் கோயில் இதே வடதமிழகத்தில் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்துச் சிறுவாபுரி முருகனை ஆறு செவ்வாய்க்கிழமை தரிசித்தால் வீடு அமையும் என்பது நம்பிக்கை. பல மலைக்கோயில்களின் படியோரங்களில் கல்லின் மேல் கல்லாக அடுக்கிய குட்டிக் கோபுரங்களைப் பார்க்கலாம். இரண்டு கல் சுவர், மேலே ஒரு தட்டைக் கல் கூரை. யாரோ ஒரு குடும்பம் தன் வீட்டை அங்கே முதலில் கட்டிப் பார்த்திருக்கிறது.

வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில், ஆலைகள் நிறைந்த ஒரகடத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் வேறு வகைக் கற்கள் நிற்கின்றன. நெல் விளைந்த நிலத்தில் மஞ்சளும் வெள்ளையும் அடித்த எல்லைக் கற்கள், முகப்பில் ‘சிட்டி’ என்றோ ‘கார்டன்’ என்றோ முடியும் பெயர் தாங்கிய வளைவு, உள்ளே தார் போட்டுப் புல் முளைத்த தெருக்கள். மனை வாங்கியவர் எங்கோ இருக்கிறார். விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார். அந்தத் தெருவில் ஒரு விளக்கு எரிவதில்லை. அதே சாலையில், ஒரே அறைக்குள் எட்டுப் பேர் முறைவைத்துத் தூங்கும் லைன் வீட்டில் விளக்கு அணைவதே இல்லை. பகல் ஷிப்ட்காரர் எழுந்த பாயில் இரவு ஷிப்ட்காரர் படுக்கிறார்.

இந்த முரணை நிலச் சந்தையின் கணக்கு என்று சொல்லி விலகிவிட முடியும். ஆனால் அதற்குள் சந்தையைவிடப் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. உழைக்க வந்தவருக்கு ஓர் ஊர் எதைக் கொடுத்தால் அது தன் கடனைத் தீர்த்ததாகும்? கூரையும் படுக்கையும் போதுமா? ‘வீடு’ என்ற சொல் அதற்கு மேல் எதையோ கேட்கிறதா?

*

2021 டிசம்பர் நடுவில் பூந்தமல்லி அருகே ஒரு பெண்கள் விடுதியில் சாப்பிட்டவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டது. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். எல்லோரும் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் தொழிலாளர்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று யாரும் சொல்லவில்லை. இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12ஆம் தேதிதான் திறந்தது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் உரிய தரத்தில் இல்லை என்பதை ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஒரே அறையில் முப்பது பேர் வரை தங்கியிருந்ததும், தரையில் படுத்ததும், சில இடங்களில் கழிப்பறையில் தண்ணீர் வராததும் அப்போது செய்திகளில் வெளிவந்தன. அந்தப் பெண்களின் மாதச் சம்பளம் சுமார் 140 டாலர், அன்றைய மதிப்பில் பத்தாயிரத்துச் சொச்சம் ரூபாய்.

கூலி உயர்வு கேட்டு அவர்கள் சாலைக்கு வரவில்லை. தங்கிய இடமும் தின்ற சோறும்தான் அவர்களைச் சாலைக்குக் கொண்டுவந்தன.

அதற்கான பதில் வல்லக்கோட்டைக்குப் பக்கத்திலேயே எழுந்தது. வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பூங்காவில், 20 ஏக்கரில், 706.50 கோடி ரூபாயில், 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்ட் 17ஆம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியுவும் மேடையில் இருந்தார். பதின்மூன்று கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் 240 அறைகள், அறைக்கு ஆறு பேர்.

இது பெரிய காரியம் என்பதில் சந்தேகமில்லை. தரையில் படுத்தவருக்குக் கட்டில் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒப்பந்ததாரரின் கையிலிருந்து பொறுப்பு அரசு நிறுவனத்தின் கைக்கு வந்ததும் முன்னேற்றம்தான். பெண்களுக்காக இவ்வளவு பெரிய அளவில் ஒரு மாநில அரசு கட்டியது இந்தியாவில் அரிது.

ஆனாலும் அந்த எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 18,720 என்பது படுக்கைகளின் எண்ணிக்கை. ஒன்றிய அரசு இந்தத் திட்டத்துக்குத் தந்த 37.44 கோடி ரூபாயும் அப்படிக் கணக்கிட்டதுதான்: படுக்கைக்கு 20,000 ரூபாய். 2020 ஊரடங்கில் லட்சக்கணக்கானோர் நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் போனதைப் பார்த்த பிறகு கொண்டுவரப்பட்ட மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டம், ‘விடுதிப் படுக்கை’ என்பதையே ஓர் அலகாக வைத்திருக்கிறது. மொத்தச் செலவை அறைகளால் வகுத்தால், சமையற்கூடம், பொது வசதி எல்லாம் உட்பட, அறை ஒன்றுக்கு இருபத்திரண்டரை லட்சம் ரூபாய் வருகிறது. அது அற்பத் தொகை அல்ல. எனவே இங்கே முதல் கேள்வி பணத்தைப் பற்றியது அல்ல. எதைக் கட்டுவது என்று தீர்மானித்தபோது, அதில் வசிக்கப்போகிறவரை அந்தத் திட்டம் யாராகப் பார்த்தது என்பதுதான்.

*

வள்ளுவர் இல்வாழ்க்கைக்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார். இல்லறத்தான் கடமைப்பட்டிருப்பது ஐவருக்கு: முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான். கவனித்தால், ‘தான்’ கடைசியில் வருகிறது. விட்டுப்போகவும் இல்லை. தன் உடம்பைக் காப்பது அறமில்லை என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் நான்கு பேரை உட்காரவைத்திருக்கிறார்.

விடுதி அறையை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். தான் என்ற ஒருவருக்கு அங்கே இடம் இருக்கிறது. நல்ல இடம்தான். தெய்வத்துக்குக் கட்டில் தலைமாட்டில் ஒரு காலண்டர் படமாக இடம் இருக்கலாம். செத்துப்போன பாட்டிக்குத் திதி கொடுக்க, ஒரு பிடி சோறு வைத்துக் காக்கையைக் கூப்பிட, இடமில்லை. அக்கா பிரசவத்துக்கு வந்தால் பத்து நாள் தங்க இடமில்லை. விருந்தினர்? பெரும்பாலான தொழிலாளர் விடுதிகளில் பெற்ற தாயே வாசல் காவலரைத் தாண்டி உள்ளே வர முடியாது.

விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்று பொருள். விருந்தினர் என்றால் முன்பின் அறியாத புதியவர். சொந்தக்காரருக்கு வேறு சொல் இருந்தது. திண்ணை அந்தப் புதியவருக்காகக் கட்டப்பட்டது. வழிப்போக்கன் கேட்காமல் படுத்து எழுந்து போகக்கூடிய இடம் வீட்டின் முகப்பிலேயே இருந்தது. அப்படிப் பார்த்தால் வல்லத்துக்கும் ஒரகடத்துக்கும் வேலை தேடி வந்திருக்கும் ஒவ்வொருவரும் விருந்துதான். தருமபுரிப் பெண்ணும் விருந்து, ஒடிசாவிலிருந்து வந்த வெல்டரும் விருந்து. விருந்தாக வந்தவருக்கு இன்னொரு விருந்தை வரவேற்கத் திண்ணை இல்லை.

ஒரு வீட்டை வீடாக்குவது அதில் யார் தூங்குகிறார் என்பதைவிட, அதற்குள் யாரை அழைக்கலாம் என்பதே. இதைச் சொல்ல வள்ளுவரோடு நிற்க வேண்டியதில்லை. இந்த மண்ணிலேயே பிறந்த இன்னொருவரின் வாழ்க்கை இதைவிடக் கூர்மையாகச் சொல்கிறது.

வல்லக்கோட்டையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஸ்ரீபெரும்புதூர். 1017இல் ராமானுஜர் பிறந்த ஊர். திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி, ரகசியமாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட மந்திரத்தை ஊரறிய உரைத்த கதை எல்லோருக்கும் தெரியும். தனக்கு நரகம் வந்தாலும் சரி, கேட்டவர்களுக்கெல்லாம் வீடுபேறு கிடைக்கட்டும் என்றவர். அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. அது காஞ்சிபுரத்தில் அவர் குடித்தனம் நடத்திய வீட்டில் நடந்தது.

பூந்தமல்லியில் பிறந்தவர் திருக்கச்சி நம்பி. அந்தணர் அல்லர். வரதராஜப் பெருமாளுக்கு விசிறி வீசும் தொண்டு செய்தவர். அவரைத் தன் வீட்டில் சாப்பிட அழைத்து, அவர் உண்ட இலையில் மிச்சத்தை உண்ண வேண்டும் என்று ராமானுஜருக்கு ஆசை. நம்பியை அழைத்துவர ஒரு தெரு வழியாக ராமானுஜர் போக, நம்பி வேறு தெரு வழியாக வந்துவிட்டார். கோயிலுக்கு நேரமாகிறது என்று அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியும் விட்டார். ராமானுஜர் திரும்பியபோது இலை எறியப்பட்டிருந்தது, தரை சாணமிட்டு மெழுகப்பட்டிருந்தது, மனைவி தஞ்சமாம்பாள் மறுபடி குளித்துவிட்டு வேறு உலை வைத்திருந்தார். வைணவ குருபரம்பரைக் கதைகளில் ராமானுஜர் இல்லறத்தை விட்டு விலகியதன் தொடக்கம் இந்த மெழுகிய தரைதான். விருந்தினருக்கு இடமில்லாத வீடு அவருக்கு வீடாகப் படவில்லை.

அந்தத் தரை இன்னும் காயவில்லை. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், படப்பை எங்கும் வாடகை வீடு தேடி அலைந்தவர்களிடம் கேட்டால் தெரியும். ‘டூ-லெட்’ பலகைக்குக் கீழே ‘ஃபேமிலிக்கு மட்டும்’ என்று சாக்பீஸால் எழுதியிருக்கும். கேட்டைத் திறப்பவரின் முதல் கேள்வி, “எந்த ஊரு?” இரண்டாவது, “எத்தன பேரு?” மூன்றாவது கேள்வி சில இடங்களில் வாய்விட்டு வரும், சில இடங்களில் சுற்றிவளைத்து வரும்: “நீங்க என்ன ஆளுங்க?” கறி சமைப்பீர்களா என்பது அதே கேள்வியின் மரியாதையான வடிவம். இந்தி பேசுகிறவரானால் கேள்வியே இல்லாமல் கேட் சாத்தப்படும். பேச்சுலர் என்றால், தனியாக வாழும் பெண் என்றால், கணவனைப் பிரிந்தவர் என்றால், வீடு நேற்றே போய்விட்டதாகச் சொல்வார்கள். பலகை மட்டும் மறுநாளும் தொங்கும்.

எந்த நகரமைப்புச் சட்டத்திலும் இல்லாத மண்டலப் பிரிவு இது.

அந்தப் பழைய கதையைத் தஞ்சமாம்பாளின் பக்கமிருந்து யாரும் அதிகம் சொல்வதில்லை. பிறந்த வீட்டில் கற்றுக்கொடுத்ததை அவர் செய்தார். வீட்டுத் தீட்டுக்குப் பெண்ணே காவல் என்று சொல்லி வளர்த்த சமூகம், பிறகு அந்தக் காவலுக்காகவே அவரைக் குற்றம் சொன்னது. பிறந்தகத்தில் கல்யாணம் என்று கடிதம் வரவழைத்து அவரை அனுப்பிவிட்டு ராமானுஜர் துறவு பூண்டார் என்கின்றன கதைகள். ராமானுஜருக்கு ஒரு தத்துவம் கிடைத்தது, உலகத்துக்கு ஓர் ஆசாரியர் கிடைத்தார், தஞ்சமாம்பாளுக்கு வீடு போயிற்று. பெண்ணின் வீடு இன்னொருவரின் முடிவில் தொங்கிக்கொண்டிருக்கும் நிலை ஆயிரம் ஆண்டு கழித்தும் மாறிவிடவில்லை. 2024 ஜூனில், திருமணமான பெண்களை ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலைக்கு எடுக்காமல் தவிர்ப்பதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. யார் சொல்வது முழு உண்மை என்பது ஒருபுறம் இருக்கட்டும். படுக்கையை அலகாக வைத்துக் கட்டிய கட்டடத்துக்குள் கல்யாணம் ஆன பெண்ணுக்கும், அவள் பிள்ளைக்கும், அவளைப் பார்த்துக்கொள்ள வரும் மாமியாருக்கும் இடமில்லை என்பதைக் கட்டட வரைபடமே சொல்லிவிடுகிறது.

*

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. லேசானது அல்ல. வீட்டின் மேல் இவ்வளவு பற்று எதற்கு? நம் மரபே வீட்டை விடு என்றுதானே சொல்கிறது? ‘விடு’ என்பதிலிருந்து பிறந்த சொல்லே ‘வீடு’. பட்டினத்தார் மாளிகையை விட்டுக் கோவணத்தோடு கிளம்பினார். பௌத்த பிக்குவும் சமண முனிவரும் காஞ்சியைச் சுற்றிய பள்ளிகளில் ஒரு பாயோடு வாழ்ந்தார்கள். ஆறு பேர் அறை ஒரு மடத்தைப் போன்றது என்று வைத்துக்கொள்ளக் கூடாதா?

கூடாது. பட்டினத்தார் விடுவதற்கு அவரிடம் முதலில் ஒரு மாளிகை இருந்தது. ராமானுஜர் துறப்பதற்கு அவருக்கு முதலில் ஒரு வாசற்படி இருந்தது. இல்லாததைத் துறக்க முடியாது. துறவி தானே தேர்ந்து ஏற்ற பாயும், சம்பளச் சீட்டில் பிடித்தம் செய்து ஒதுக்கித் தரப்படும் படுக்கையும் பார்வைக்கு ஒன்றாக இருக்கலாம், அறத்தின் கணக்கில் ஒன்று அல்ல. துறவியின் மடத்துக்கும் ஓர் அடுப்பு இருந்தது, வந்தவருக்கு அங்கே சோறு இருந்தது. திருக்கச்சி நம்பியை மனதார அழைக்க முடியாத வீட்டை விட்டு வெளியேறிய ராமானுஜரால், பிறகு ஸ்ரீரங்கத்தில் நடத்திய மடத்தில் எல்லோரையும் அழைக்க முடிந்தது. துறவு அவருடைய வாசலைப் பெரிதாக்கியது.

இன்னொரு மறுப்பை அந்தப் பெண்களே சொல்வார்கள். அதைக் கவனமாகக் கேட்க வேண்டும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஊரை விட்டு வந்து, சொந்தக் கையில் சம்பளம் வாங்கி, தோழிகளோடு ஓர் அறையில் சிரித்துப் பேசித் தூங்குவது அவர்களில் பலருக்கு முதல் சுதந்திரம். ஊர் வீடு அவர்களுக்கு நிழலாக மட்டும் இருந்ததில்லை. அண்ணன் அதட்டுவதும், கல்யாணப் பேச்சும், ராத்திரி ஏழு மணிக்குச் சாத்தும் கதவும் அங்கேதான். மூன்று வருஷம் உழைத்து, சேர்த்து, திரும்பிப் போகிறோம், எங்களுக்கு எதற்கு இங்கே வீடு என்று கேட்கும் பெண்ணுக்கு விடுதி சரியான இடம்தான். அவள் கேட்பதை அவளுக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் இரவு எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், யாரோடு வெளியே போகிறாய் என்று விடுதியும் கேட்கும்போது, அண்ணனின் இடத்தில் வார்டன் வந்து உட்கார்ந்துகொள்கிறார். நான்காம் வருஷமும் இங்கேயே இருக்கலாம் என்று அவள் நினைத்தால், அந்த நினைப்புக்கு இந்த வட்டாரத்தில் கட்டடம் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு நிலத்தின் வரலாறு பதில் சொல்கிறது. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியது முதல் இந்தப் பகுதி ஆலைகளுக்கென்று வரையப்பட்டது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், பிறகு டைம்லர், ராயல் என்ஃபீல்டு. ஆலைக்கு எத்தனை ஏக்கர், மின்சாரம் எத்தனை மெகாவாட், சாலை எத்தனை வழி என்பதெல்லாம் ஒப்பந்தங்களில் இடம்பெற்றன. அங்கே வேலை செய்யும் குடும்பம் எங்கே சமைக்கும் என்பது எழுதப்படவில்லை. கம்பெனி பஸ் அந்த இடைவெளியை நிரப்பியது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, இரண்டு மணி நேரம் பஸ்ஸில் தூங்கி வந்து, திரும்பவும் இரண்டு மணி நேரம் போகிற தொழிலாளி தன் உறக்கத்தால் வீட்டுப் பற்றாக்குறையை ஈடுகட்டுகிறார்.

1971ஆம் ஆண்டு நகர், ஊரமைப்புச் சட்டம் நிலத்தைக் குடியிருப்பு, தொழில், வணிகம், வேளாண்மை என்று பிரிக்க அதிகாரம் தருகிறது. புகையும் நச்சும் வீட்டுக்குள் வராமலிருக்க அந்தப் பிரிவு தேவை. ஆனால் ஆலைக்கு நிலம் ஒதுக்கும் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வாடகை வீட்டுக்கு நிலம் ஒதுக்குவதில் இருந்ததில்லை. குடியிருப்பு நிலம் தனியாரின் மனைப் பிரிவுகளுக்குப் போயிற்று. அனுமதியில்லா மனைகள் எவ்வளவு பெருகின என்றால், 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றின் பதிவுக்கே தடை போட வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு வரன்முறை விதிகள் வந்தன, கட்டணம் கட்டி மனைகள் சட்டப்படியாயின. அவற்றில் வீடு வர வேண்டும் என்று மட்டும் எந்த விதியும் சொல்லவில்லை.

இந்த நிலங்களுக்கு முன்பே மனிதர்கள் இருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. பரந்தூர் விமான நிலையத்துக்காக 2022இல் குறிக்கப்பட்ட கிராமங்களில் ஏகனாபுரம் மக்கள் கிராமசபையில் தீர்மானம் மேல் தீர்மானமாகப் போட்டு, இரவுக்கூட்டங்களில் உட்கார்ந்து, எங்கள் வீடு எங்களுக்கு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு பக்கம் வந்தவருக்கு வீடில்லை, மறுபக்கம் இருந்தவருக்கு வீடு நிலைக்கவில்லை.

வேலை கொடுப்பவரே வீட்டுக்காரராகவும் இருந்தால் என்ன ஆகும் என்று தமிழர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இலங்கை மலையகத்தில் தோட்டத் துரைமார் கட்டிய லயன் அறைகளில் நூற்றைம்பது ஆண்டுகளாகத் தலைமுறைகள் பிறந்து வளர்ந்தன. அறை தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் அறையும் போகும். குடும்பத்துக்கென்று முகவரிகூட இல்லாமல், கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து அங்கிருந்துதான் கைக்கு வரும். ‘லயன்’ என்ற சொல்லும் ஒரகடத்து ‘லைன் வீடு’ம் ஒரே ஆங்கிலச் சொல்லின் இரு பிள்ளைகள். அமெரிக்காவில் சிகாகோ அருகே ரயில்பெட்டி முதலாளி புல்மன் தன் தொழிலாளர்களுக்கென்று ஒரு நகரத்தையே கட்டினார். அழகான நகரம். கூலியைக் குறைத்தவர் வாடகையைக் குறைக்கவில்லை. 1894இல் நாடு தழுவிய வேலைநிறுத்தம் வெடித்தது. ஆலைக்குத் தேவையில்லாத நிலங்களையும் வீடுகளையும் விற்றுவிட வேண்டும் என்று 1898இல் இலினாய் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சிங்கப்பூர் இன்னும் அருகில் இருக்கிறது. 1960இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தன் குடிமக்களில் பெரும்பாலோருக்கு வீடு கொடுத்தது, உலகமே பாராட்டும் சாதனை. அந்த வீடுகளைக் கட்டிய கைகளில் பல தமிழ்நாட்டுக் கைகள். அவர்களுக்கு விடுதிப் படுக்கை. 2020 ஏப்ரலில் கொரோனா அந்த விடுதிகளுக்குள் காட்டுத்தீயாகப் பரவியபோதுதான் எத்தனை பேர் ஓர் அறையில் இருந்தார்கள் என்பதை ஊர் பார்த்தது. பிறகு புதிய விடுதிகளுக்கு விதி வந்தது: அறைக்கு அதிகபட்சம் பன்னிரண்டு பேர், ஒருவருக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் சாலைப் புல்வெளிகளில் தமிழ்த் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். சிவகங்கைக்காரர் சிவகங்கைக்காரரைத் தேடி வருவார். ஒரு பொட்டலத்தைப் பிரித்து நாலு பேர் சாப்பிடுவார்கள். அங்கே அந்தப் புல்வெளிதான் அவர்களின் திண்ணை.

*

விடுதி வீடா என்ற கேள்வி 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வந்தது, வரி வழக்கின் வடிவில். விடுதிகள் வணிக நிறுவனங்கள், எனவே ஜிஎஸ்டி கட்ட வேண்டும் என்றது வரித்துறை. அங்கே தங்கும் மாணவியும் வேலைக்குப் போகும் பெண்ணும் அதைத் தங்கள் குடியிருப்பாகத்தான் பயன்படுத்துகிறார்கள், எனவே வாடகை வீட்டுக்கு உள்ள விலக்கு இதற்கும் உண்டு என்று மார்ச் மாதம் நீதிமன்றம் கூறியது. ஜூனில் ஜிஎஸ்டி மன்றமும், தொண்ணூறு நாளுக்குக் குறையாமல் தங்குபவருக்கு மாதம் 20,000 ரூபாய் வரையிலான கட்டணத்துக்கு விலக்கு அளித்தது. கட்டடத்தின் பெயரைப் பார்க்காமல், உள்ளே வாழ்கிறவரைப் பார்த்துச் சொல்லப்பட்ட தீர்ப்பு அது. அந்தப் பார்வை வரியோடு நின்றுவிடக் கூடாது. குடியிருப்பு என்று ஒப்புக்கொண்டால், குடியிருப்பவருக்கு முகவரி வேண்டும், வேலை போன மறுநாளே பெட்டியைத் தூக்கச் சொல்லாத அவகாசம் வேண்டும், தாயை உள்ளே அழைக்கும் உரிமை வேண்டும்.

இருப்பிடம் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1995 டிசம்பரில் சமேலி சிங் வழக்கில் சொன்னது. உத்தரப் பிரதேசத்தில் தலித் குடும்பங்களுக்கு வீடு கட்ட அரசு நிலம் எடுத்ததை எதிர்த்து நிலக்காரர்கள் போட்ட வழக்கு அது. அவர்கள் தோற்றார்கள். இருப்பிடம் என்றால் தலைக்கு மேலே கூரை மட்டும் அல்ல, ஒரு மனிதர் உடலாலும் மனத்தாலும் அறிவாலும் வளர்வதற்கான இடம் என்று அந்தத் தீர்ப்பு விளக்கியது. வல்லம் வடகாலின் பதின்மூன்று கட்டடங்களை எழுப்ப முடிந்த அரசுக்கு, பதினான்காவதைக் குடும்பங்களுக்காக, சமையலறையும் தனி வாசலும் வைத்து, எந்தக் கம்பெனி என்று கேட்காமல் வாடகைக்குத் தரும் கட்டடமாக எழுப்ப முடியாதா? சென்னைப் பெருநகரப் பகுதி 2022 அக்டோபரில் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கப்பட்டது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் பல கிராமங்கள் இப்போது அதற்குள். அவற்றுக்கான வரைபடங்கள் வண்ணம் தீட்டப்படும் காலம் இது. எந்த நிறம் எங்கே என்று முடிவாகும்போது, ஆலைக்கு நடந்துபோகும் தூரத்தில் வாடகை வீட்டுக்கு என்று ஒரு நிறம் வைக்க முடியும். வெறும் மனையாகவே பத்து வருஷம் கிடக்கும் நிலத்துக்கு ஒரு வரியும், வீடு கட்டி வாடகைக்கு விடுபவருக்கு ஒரு சலுகையும் வைக்க முடியும். சாக்பீஸ் பலகைகளை மாற்றச் சட்டம் மட்டும் போதாது. அந்தக் கேட்டுகளுக்குப் பின்னால் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை அதே கோயிலுக்குத்தான் வருகிறார்கள், அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

கோயில் மண்டபத்தில், தூணோரமாக, ஒரு அம்மாவும் மகளும் இப்படி உட்கார்ந்திருப்பதை வெள்ளிக்கிழமைகளில் பார்க்கலாம். அம்மா முதல் பஸ்ஸுக்கு ஊரிலிருந்து கிளம்பி, இரண்டு இடத்தில் மாறி வந்திருப்பார். மஞ்சப்பையில் முறுக்கு டப்பா, எள்ளுருண்டை, பூண்டு ஊறுகாய், பழைய பாட்டிலில் நல்லெண்ணெய். தூக்குவாளியில் காலையில் செய்த புளிச்சோறு.

“ரூமைத்தான் ஒருவாட்டி பாத்துட்டுப் போறனே, எப்பிடிப் படுத்துக்கறனு.”

“உள்ள விடமாட்டாங்கம்மா. போன்ல காட்டறேன், பாரு.”

மகள் போனை நீட்டுகிறாள். வெயில் கூசுகிறது. அம்மா முந்தானையால் திரையை மறைத்துக்கொண்டு பார்க்கிறார். ஆறு கட்டில், ஆறு அலமாரி, ஜன்னல். எது உன்னது என்று கேட்கிறார். மகள் விரலால் பெரிதாக்கிக் காட்டுகிறாள். எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி மகளின் உச்சியில் தேய்த்துவிட்டு, தூக்குவாளியைத் திறந்து, மூடியிலேயே சோற்றைப் போட்டு நீட்டுகிறார். பக்கத்துத் தூணில் சாய்ந்திருக்கும் இன்னொரு பெண்ணை, அவள் கழுத்திலும் அதே நாடா, “நீயும் வாம்மா, ஒரு வாய் சாப்பிடு” என்று கூப்பிடுகிறார். அவள் தயங்கிவிட்டு எழுந்து வந்து உட்காருகிறாள்.